ஆங்கில மெய்யொலிகளும் நம் நாவும்

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், யோங் பெங்கிலிருந்து லாபிஸ் செல்லும் சாலையில் அமைந்துள்ளது சாஆ என்னும் ஊர். இவ்வூரின் பெயரைத் தமிழில் எழுதப் புகும் எவரும் ஒரு கணம் தயங்கவே செய்வர். சிலர் 'சாஆ' என எழுதுவர். சிலர் 'சா' என்ற அளவில் நிறுத்திக்கொள்வர். வேறு சிலர் 'சாஹ்' என்று ஒரு வடவெழுத்தைக் கடைசியில் சேர்ப்பர். தயக்கத்திற்குக் காரணம் உண்டு. தமிழில் இரண்டு உயிரெழுத்துகள் அடுத்தடுத்து நிற்பதில்லை. 'மணி' என்பதும் 'அடித்தது' என்பதும் சேரும்போது இடையில் ஒரு யகரம் தானே வந்து 'மணியடித்தது' என ஆகிவிடும். இதனை உடம்படுமெய் என இலக்கணம் கூறும். சாஆ என்பதில் அவ்வாறு யகரமோ வகரமோ வருவதில்லை. அதற்கு மாறாக, மலாய்க்காரர் அப்பெயரைச் சொல்லும்போது முதல் 'சா'விற்கும் பின்வரும் 'ஆ'விற்கும் நடுவே தொண்டையில் மூச்சு ஒரு நொடி அடைபட்டுத் திறக்கிறது. அந்த அடைப்பே ஒரு மெய்யொலிதான். ஆனால், அதற்குத் தமிழில் எழுத்தில்லை.

இவ்வொலியை நாம் வேறிடத்திலும் கேட்கலாம். சாஆவிற்கு அண்மையிலுள்ள பெக்கோக் என்னும் ஊர்ப்பெயரின் கடைசியில் ககர ஒற்று எழுதப்படுகிறது. மலாய்க்காரர் அதைக் ககரமாகச் சொல்வதில்லை. தொண்டையை அடைத்து நிறுத்திவிடுகின்றனர். உட்காருவதைக் குறிக்கும் 'டுடுக்', சிறுவனைக் குறிக்கும் 'புடாக்' ஆகிய சொற்களும் இவ்வாறே ஒலிக்கும். வியப்பு என்னவெனில், இலண்டன் மாநகரின் சாதாரண மக்கள் 'பாட்டில்' என்னும் ஆங்கிலச் சொல்லைச் சொல்லும்போது, நடுவிலுள்ள டகரத்தை விழுங்கிவிட்டு, இதே தொண்டையடைப்பைத்தான் அவ்விடத்தில் வைக்கின்றனர். பள்ளிக்கூட ஆசிரியர்கள் அங்கே அதனைக் கண்டிப்பர். சாஆவில் பிறந்த பிள்ளைக்கோ அவ்வொலி தன் ஊர்ப்பெயரோடு கூடவே வந்தது.

ஆங்கிலத்தைச் சரியாகப் பேச இயலவில்லையே என்று நம் தோட்டத்து மக்களில் பலர் கூச்சப்படுகின்றனர். மருத்துவமனையிலோ, வங்கியிலோ, சிங்கப்பூருக்கு வேலை தேடிச் செல்லும்போதோ வாய் திறக்கவே அஞ்சுவோர் உளர். ஆகவே, ஆங்கில மெய்யெழுத்துகள் நம் நாவில் ஏன் மாறி ஒலிக்கின்றன, அவற்றுள் எவை பொருட்படுத்த வேண்டாதவை, எவை உண்மையிலேயே கவனிக்க வேண்டியவை என்பதை நாம் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பெரட்டும் லயமும்

நம் முன்னோர் விடியற்காலையில் பெயர் கொடுக்கக் கூடிய இடம் பெரட்டுக்களம். குடியிருந்த வரிசை வீடு லயம். இவை தமிழ்ச் சொற்களே என்று எண்ணுவோர் பலர். ஆயினும், பெரட்டு என்பது 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மாற்றுருவம். லயம் என்பது 'லைன்ஸ்' என்பதிலிருந்து வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் அதனை 'லயன்' என்பர். நம் நாட்டில் ஈற்று னகரம் மகரமாகி, மரம், குளம், நிலம் என்பவற்றோடு இயல்பாகச் சேர்ந்துகொண்டது. கடைசியில் நின்ற சகரம் போன இடம் தெரியவில்லை.

இம்மாற்றங்கள் கல்லாமையால் நேர்ந்தவை என்று கருதுவது தவறாகும். தமிழ்ச் சொல் எவ்வெழுத்தில் தொடங்கலாம், எவ்வெழுத்தில் முடியலாம் என்பதற்குத் தொல்காப்பியம் வரம்பு கட்டியுள்ளது. தனி மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. ரகரமும் லகரமும் முதலில் வாரா. வல்லின மெய் இறுதியில் நில்லாது. ஓர் உகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். எனவேதான் ராமன் இராமன் ஆனான். லோகம் உலோகம் ஆயிற்று. 'ஸ்கூல்' என்பது பாட்டிமார் வாயில் 'இஸ்கூல்' ஆனதும், 'ஸ்டோர்' என்பது 'இஸ்டோர்' ஆனதும், 'பரேட்' என்பதன் ஈற்றில் உகரம் ஏறியதும் இவ்விதிகளின்படியே. நாம் அன்றாடம் வெட்டும் மரத்தின் பாலுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரையும் நம் புலவர்கள் விட்டுவைக்கவில்லை. 'இரப்பர்' என்றே எழுதினர். பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்க உதவுவதை 1770ஆம் ஆண்டில் சோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் எழுதிவைத்தார். 'தேய்ப்பது' என்னும் பொருளிலேயே அப்பெயர் நிலைத்தது. பால்மரம் என்று நம்மவர் இட்ட பெயர் இதைவிடப் பொருத்தமானது என்பது நம் கருத்து.

சொல்லின் முதலில் இகரம் சேர்ப்பது தமிழருக்கு மட்டும் உரியதன்று. பள்ளியை ஸ்பானியர் 'எஸ்குவேலா' என்பர்; போர்த்துகீசியர் 'எஸ்கோலா' என்பர். அந்தப் போர்த்துகீசியச் சொல்லை மலாய்க்காரர் வாங்கி, முதலிலிருந்த எகரத்தை நீக்கி, சகரத்திற்கும் ககரத்திற்கும் நடுவில் ஓர் உயிரை நுழைத்து 'செகோலா' ஆக்கினர். 'கிளாஸ்' மலாயில் 'கெலாஸ்' ஆகும். 'ஸ்டாம்ப்' என்பது 'செத்தெம்' ஆகும். 'கிளப்' என்பது 'கெலாப்' ஆகும். சொல்லின் இறுதியிலும் இதே கதைதான். 'போஸ்ட்' என்பதிலிருந்த டகரத்தைக் கழித்துவிட்டுப் 'போஸ்' என்றும், 'லிஃப்ட்' என்பதை 'லிஃப்' என்றும், 'காஸ்ட்' என்பதைக் 'கோஸ்' என்றும் எழுதுவதே தேசிய மொழியில் முறையான எழுத்து. அஞ்சல் நிலையப் பலகையிலேயே அது எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். ஆகவே, நம் பிள்ளை ஆங்கிலம் பேசும்போது 'லாஸ்ட்' என்பதை 'லாஸ்' என்று முடித்துவிட்டால், அது எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

ஆங்கிலேயரின் நாவும் பிறமொழிச் சொல்லைச் சிதைக்கத் தவறியதில்லை. நம் 'கட்டுமரம்' அவர்கள் வாயில் 'கேட்டமரான்' ஆயிற்று. லயன் லயமானபோது னகரம் மகரமாயிற்று என்றோம். கட்டுமரம் போனபோது மகரம் னகரமாயிற்று. கணக்கு நேராகிவிட்டது. 'சுருட்டு' அவர்களுக்குச் 'செரூட்'. 'மிளகுத் தண்ணீர்' என்னும் நம் இரசம் 'மல்லிகடானி' என்ற பெயரில் இன்றும் அவர்களுடைய உணவுப் பட்டியலில் இருக்கிறது. சென்னையின் திருவல்லிக்கேணியை 'டிரிப்ளிகேன்' என்றும், எழும்பூரை 'எக்மோர்' என்றும் ஆக்கியவர்களும் அவர்களே.

ஒரு தாள் துண்டும் ஒரு பகரமும்

இனி, உண்மையிலேயே பொருள் மாற்றத்தை விளைவிக்கும் இடத்திற்கு வருவோம்.

தமிழில் பகரம் ஒன்றே. ஆயினும், 'பல்' என்னும்போது அது ஒருவாறும், 'அம்பு' என்னும்போது வேறொருவாறும் ஒலிப்பதைக் கவனியுங்கள். பல்லில் வரும் பகரம் வன்மையானது, தொண்டை அதிர்வதில்லை. அம்பில் வரும் பகரத்தைச் சொல்லும்போது தொண்டையில் விரலை வைத்துப் பார்த்தால் அதிர்வு தெரியும். 'கல்', 'சங்கு' ஆகியவற்றின் ககரங்களும், 'தலை', 'பந்து' ஆகியவற்றின் தகரங்களும் இவ்வாறே இருவகைப்படும். சொல்லின் எவ்விடத்தில் எந்த ஒலி வரும் என்பது நமக்குப் பழக்கத்தால் தெரியும். ஆதலால், தமிழுக்கு இரண்டு எழுத்துகள் தேவைப்படவில்லை. ஆங்கிலத்திலோ இவ்விரு பகரங்களும் வெவ்வேறு எழுத்துகள். இடம் எதுவாயினும் இரண்டும் வரும். மாறினால் பொருளும் மாறும். மாத்திரையைக் குறிக்கும் 'பில்' பல் பகரத்தில் தொடங்குகிறது. பணம் கட்டும் சீட்டைக் குறிக்கும் 'பில்' அம்புப் பகரத்தில் தொடங்குகிறது. இவ்வரியை எழுதும்போது நமக்கே இடர்ப்பாடு நேர்கிறது: இரண்டையும் தமிழில் ஒரே வடிவில்தான் எழுத முடிகிறது. குளிருக்கு அணியும் 'கோட்' கல் ககரம். ஆட்டைக் குறிக்கும் 'கோட்' சங்குக் ககரம்.

'இவ்வேறுபாடு எங்களுக்குத் தெரியும். மாத்திரையை வன்மையாகத்தான் சொல்கிறோம். இருந்தும் வெள்ளைக்காரருக்கு விளங்கவில்லையே' என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல கேள்வி. விடையை ஒரு தாள் துண்டு சொல்லும். இரண்டு விரல் அகலமுள்ள மெல்லிய தாளை வாய்க்கு முன்னே தொங்கவிட்டு, 'பல்', 'பாட்டு', 'பணம்' என்று சொல்லிப் பாருங்கள். தாள் அசைவதில்லை. ஓர் ஆங்கிலேயர் மாத்திரையைக் குறிக்கும் 'பில்' என்னும் சொல்லை அதே தாளுக்கு முன் சொல்லுவாராயின் தாள் படபடக்கும். அவர் தம் பகரத்தோடு ஒரு மூச்சையும் சேர்த்து வெளியேற்றுகிறார். சொல்லின் முதலில் வரும் டகரத்திற்கும் ககரத்திற்கும் அவ்வாறே செய்கிறார். அவருடைய செவி அந்த மூச்சையே அடையாளமாகக் கொண்டுள்ளது. மூச்சில்லாத நம் தூய பகரத்தைக் கேட்டவுடன் அது அம்புப் பகரம் என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். நாம் மாத்திரை கேட்க, அவர் கட்டணச் சீட்டை எடுக்கிறார்! குற்றம் எவருடையதும் அன்று. இரு செவிகளும் வெவ்வேறு அடையாளங்களைத் தேடுகின்றன. இதற்கு மருந்து எளிது. சொல்லின் முதலில் வல்லோசை வரும்போது, அடுப்பை ஊதுவதுபோல் ஒரு சிறு மூச்சைச் சேர்த்துச் சொல்லுங்கள். தாள் அசையும்வரை வீட்டில் பயிலலாம். ஆனால், சகரத்தை அடுத்து வரும் பகரத்திற்கு மூச்சு கூடாது. 'ஸ்பூன்' என்பதில் ஆங்கிலேயரின் பகரமும் நம் பகரம் போலவே அடங்கி நிற்கும். இதை அவர்களில் பெரும்பாலோர் அறியார், தாள்தான் அறியும்.

சொல்லின் இறுதியில் இன்னொரு நுட்பம் உண்டு. முதுகைக் குறிக்கும் 'பேக்', பையைக் குறிக்கும் 'பேக்' ஆகிய இரண்டிலும் கடைசிக் ககரத்தை ஆங்கிலேயரே தெளிவாகச் சொல்வதில்லை. அப்படியானால் எவ்வாறு பிரித்தறிகின்றனர்? மெல்லோசைக்கு முன் நிற்கும் உயிரைச் சற்று நீட்டுகின்றனர். பைக்கு நீளம் அதிகம், முதுகிற்குக் குறைவு. மருத்துவரிடம் முதுகு வலி என்று சொல்லும்போது குறுக்கிச் சொன்னால் போதும்.

டகரமா, றகரமா?

நம் தோட்டங்களில் முன்பு கிராணிமாராகவும் மருத்துவ உதவியாளர்களாகவும் இருந்தோருள் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் மிகுதி. அவர்கள் ஆங்கிலத்தைச் சொல்லும் விதம் நம்முடையதிலிருந்து மாறுபட்டிருந்ததை முதியோர் நினைவிற்கொள்வர். அதன் மறைபொருள் ஓர் எழுத்தில் அடங்கியுள்ளது.

ஆங்கில டகரத்தை நாம் தமிழ் டகரமாகவே சொல்கிறோம். தமிழ் டகரத்திற்கு நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும். ஆங்கில டகரத்திற்கு நா வளைவதில்லை. மேற்பல் வரிசைக்குப் பின்னேயுள்ள மேட்டில் நுனி படும். அவ்விடம் தமிழுக்குப் புதிதன்று. பழந்தமிழில் 'காற்று', 'ஆற்று' முதலியவற்றின் இரட்டை றகரம் பிறந்த இடமே அது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் டகரத்தின் பிறப்பையும் றகரத்தின் பிறப்பையும் தனித்தனியே கூறுகிறது. தமிழகத்துப் பேச்சில் காற்று 'காத்து' ஆகிவிட்டமையால் அவ்வொலி மங்கிற்று. யாழ்ப்பாணத்திலும் மலையாளத்திலும் அது இன்றும் உயிருடன் இருக்கிறது. ஆகவே, ஆங்கில டகரத்தைக் கேட்ட யாழ்ப்பாணத்தார் அதனைத் தம் றகரத்தோடு இணைத்தனர். கனடா நாட்டில் அவர்கள் பெருந்தொகையாகக் குடியேறிய நகரத்தை நாம் 'டொரோண்டோ' என எழுத, அவர்கள் 'ரொறன்ரோ' என எழுதுவது இதனால்தான். தொலைக்காட்சியை நாம் 'டிவி' என்றால் அவர்கள் 'ரிவி' என்பர். எழுத்தைப் பார்த்து நகைப்போர் உண்டு. ஒலியைக் கேட்டால் ஆங்கிலத்திற்கு அவர்களே அண்மையில் நிற்கின்றனர்.

வளைந்த நாவோடு டகரத்தைச் சொல்வதால் பொருள் மாறுவதில்லை. இதனை மாற்றிக்கொள்ள வருந்தத் தேவையில்லை என்பது எமது எண்ணம். நேரம் உள்ளவர்கள் பயிலட்டும்.

இல்லாத எழுத்துகள்

தமிழில் இல்லாத சில மெய்களைச் சுருக்கமாகக் காண்போம். 'ஃபேன்' என்னும் மின்விசிறியைப் பகரத்தால் சொன்னால் தலையில் ஊரும் பேனாகிவிடும். அதைக் காத்தாடி என்று சொல்லித் தப்பித்துக்கொண்ட நம் பெரியோர் புத்திசாலிகள். மேற்பல் கீழுதட்டில் படுமாறு வைத்துக் காற்றைச் சீறவிட்டால் அவ்வொலி பிறக்கும். அதே நிலையில் தொண்டையை அதிரவிட்டால் வேனுக்குரிய வகரம் கிடைக்கும். ஆங்கிலத்தில் இன்னொரு வகரமும் உண்டு. மேற்றிசையைக் குறிக்கும் 'வெஸ்ட்' என்பதில் பல் உதட்டைத் தொடுவதில்லை. உகரம் சொல்வதுபோல் உதடு குவிய வேண்டும். 'உவெஸ்ட்' என்று தொடங்கிப் பாருங்கள், சரியாக அமையும். தமிழ் வகரம் இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்பதால்தான் உள்ளே அணியும் மேலாடைக்கும் மேற்றிசைக்கும் நம் பேச்சில் வேற்றுமை தெரிவதில்லை.

தந்தையைக் குறிக்கும் 'ஃபாதர்' என்பதன் நடுவிலுள்ள ஒலியைக் கற்பிக்க ஆசிரியர்கள் பாடுபடுகின்றனர். நம் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே தெரியும். 'அது', 'இது', 'பாதை' என்று விரைவாகச் சொல்லிப் பாருங்கள். உயிர்களின் நடுவே தகரம் குழைந்து, ஏறக்குறைய அவ்வொலியாகவே வருகிறது. கடினம் சொல்லின் முதலில்தான். 'மூன்று' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைச் சொல்லும்போது நாநுனியைப் பற்களுக்கிடையே வைத்து மூச்சை விட வேண்டும். நாம் தகரத்தால் அடைத்துவிடுகிறோம். மலாய்க்காரரும் சீனரும் பெரும்பாலும் டகரத்தால் அடைப்பதால் அது மரத்தைக் குறிக்கும் 'ட்ரீ' ஆகிவிடுகிறது.

சகரத்தையும் ஷகரத்தையும் பிரித்துச் சொல்ல இயலாமைக்கு உலகிலேயே பெரிய விலை கொடுத்தவர்கள் எப்பிராயீம் குலத்தார். பைபிளின் நியாயாதிபதிகள் ஆகமம் 12ஆம் அதிகாரத்தில் அச்செய்தி உள்ளது. யோர்தான் ஆற்றின் துறைகளைக் காத்து நின்ற கிலேயாத்தியர், கடக்க வந்தவர்களை 'ஷிபோலெத்' என்று சொல்லச் சொன்னார்களாம். 'சிபோலெத்' என்றவர்கள் பிடிபட்டு வெட்டுண்டனர். மாண்டோர் தொகை 42,000 என அந்நூல் கூறுகிறது. நம் காலத்தில் ஷகரம் தவறினால் பிறர் புன்னகை செய்வதோடு முடிகிறது.

நம் நாட்டில் பிறந்த தமிழருக்கு ஒரு பேறும் உண்டு. ஆங்கிலச் சொற்களின் இறுதியில் வரும் ஙகரத்தைத் தமிழகத்தார் பலர் ககரம் சேர்த்தே சொல்வர். யோங் பெங், குளுவாங் என்று நாள்தோறும் சொல்லிப் பழகிய ஜொகூர்த் தமிழர் அதனைத் தனித்தே ஒலிப்பர். ஆனால், மலாய் எழுத்து வேறொரு குழப்பத்தைத் தருகிறது. 1972ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்குப்பின் மலாயில் 'சி' என்னும் ஆங்கில எழுத்து எப்பொழுதும் 'பச்சை' என்பதில் உள்ள சகரமாகவே ஒலிக்கும். அதற்கு முன் அவ்வொலிக்கு இரண்டு எழுத்துகள் எழுதினர். சாஆவின் பெயர்ப்பலகை இன்றும் பழைய முறையிலேயே உள்ளது. தமிழ்ப்பள்ளிக் குழந்தை மலாய்ப் பாடத்தில் சகரமாகப் படித்த அதே எழுத்தை, அடுத்த மணிக்கூறில் ஆங்கிலப் பாடத்தில் பூனைக்குக் ககரமாகவும் நகரத்திற்குச் சகரமாகவும் படிக்க வேண்டியிருக்கிறது. மூன்று மொழிகளுக்கு இடையே அக்குழந்தை தடுமாறினால், பெற்றோர் கடிந்துகொள்ளாதிருப்பாராக.

எழுதியும் ஒலிக்காதவை

ஆங்கிலம் தன் எழுத்துகளுக்கே உண்மையாக இருப்பதில்லை. கத்தியைக் குறிக்கும் 'நைஃப்', முழங்காலைக் குறிக்கும் 'நீ' ஆகியவற்றின் முதலில் எழுதப்படும் ககரம் ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொல்லப்பட்டது. ஜெர்மானியர் முழங்காலை இன்றும் 'க்னீ' என்கின்றனர். ஆங்கிலேயர் ஒலியைக் கைவிட்டு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டனர். கடனைக் குறிக்கும் 'டெட்' என்பதன் நடுவில் ஒரு பகரம் எழுதப்படுகிறது. அச்சொல் ஆங்கிலத்திற்கு வந்தபோது அப்பகரம் இல்லை. இலத்தீன் கற்ற புலவர்கள் பின்னர் சேர்த்தனர். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்பதிலுள்ள சகரமும் அவ்வாறு தவறாகச் சேர்க்கப்பட்டதே. கற்றவர் செய்த பிழை என்பதால் அது இலக்கணமாயிற்று!

கார், ஃபாதர், ரப்பர் என்பவற்றின் இறுதி ரகரத்தைத் தென்னிங்கிலாந்தினர் சொல்வதில்லை. ஸ்காட்லாந்தினரும் அயர்லாந்தினரும் அமெரிக்கரும் சொல்கின்றனர். நாமும் அழுத்திச் சொல்கிறோம். அதில் குறையொன்றும் இல்லை.

பலர் அறியாமல் இடறும் இடம் ஒன்று உண்டு. இறந்தகாலம் காட்டும் 'இடி' என்னும் ஈற்றெழுத்துகள் ஒரே விதமாக எழுதப்பட்டாலும் மூவிதமாக ஒலிக்கும். மரம் வெட்டியதைக் குறிக்கும் 'டேப்' என்பது வன்மையான பகரத்தில் முடிவதால் அதனோடு வல்லோசை சேர்ந்து 'டேப்ட்' ஆகும். நடுவில் இகரம் வாராது. பால் நிறுத்ததைக் குறிக்கும் 'வெய்' உயிரில் முடிவதால் மெல்லோசை சேரும். மங்குகளை எண்ணியதைக் குறிக்கும் 'கவுண்ட்' டகரத்திலேயே முடிவதால், இடையில் ஓர் இகரம் தோன்றி 'கவுண்டிட்' ஆகும். பன்மை காட்டும் சகரமும் இப்படித்தான். 'கப்ஸ்' என்பதில் அது சகரமாகவே இருக்கும். மரங்களைக் குறிக்கும் 'ட்ரீஸ்' என்பதில் தேனீயின் ரீங்காரம்போல் அதிரும்.

அருகில் நிற்கும் ஒலிக்கேற்ப மெய் மாறுவது நமக்கு அறிமுகமான செய்தியே. பல்+பொடி பற்பொடி ஆவதும், மரம்+கள் மரங்கள் ஆவதும் நன்னூல் கற்பிக்கும் புணர்ச்சி. ஆங்கிலேயரும் கைப்பையைக் குறிக்கும் 'ஹேண்ட்பேக்' என்பதை விரைந்து சொல்லும்போது 'ஹேம்பேக்' என்றே சொல்கின்றனர். டகரம் கெட்டு, னகரம் பகரத்திற்கு அஞ்சி மகரமாகிவிடுகிறது. நாம் மாற்றத்தை எழுத்திலும் காட்டுகிறோம், அவர்கள் மறைத்துவைக்கின்றனர். வானொலியில் ஆங்கிலம் கேட்டு விளங்காதபோது, நம் செவியைக் குறை கூறுவதற்கு முன் இதனை நினைவிற்கொள்வது நன்று.

பதின்மூன்றும் முப்பதும்

பால் நிறுக்கும் கொட்டகையிலும் சம்பள மேசையிலும் ஒரு னகரம் எவ்வளவு பெரியது என்பதைக் காணலாம். 'தேர்ட்டீன்' என்றால் 13. 'தேர்ட்டி' என்றால் 30. இரண்டிற்கும் வேற்றுமை கடைசி னகரமும், குரல் அழுந்தும் இடமுமே. 14க்கும் 40க்கும், 15க்கும் 50க்கும் இதே நிலை. தமிழர் பேச்சில் சொல்லிறுதி னகரம் நின்று ஒலிப்பது அரிது. 'அவன்', 'நான்' என்பவற்றை இயல்பாகப் பேசும்போது னகரம் மூக்கொலியாய்க் கரைந்துவிடுகிறது. அதே பழக்கத்தில் 'தேர்ட்டீன்' என்றால் கேட்பவர் முப்பது என்று எழுதிக்கொள்ளக்கூடும். கிலோவாயினும் ரிங்கிட்டாயினும், வேறுபாடு பதினேழு. மருந்துத் துளிகளின் எண்ணிக்கையாயின் நிலைமை இன்னும் கடுமையானது. பதின்மூன்று என்னும்போது குரலைப் பின்பாதியில் அழுத்தி, னகரத்தில் நாவை ஒரு கணம் நிறுத்துங்கள். முப்பது என்னும்போது முன்பாதியில் அழுத்துங்கள். ஐயம் இருப்பின், 'ஒன், த்ரீ' என்று இலக்கங்களைத் தனித்தனியே சொல்வதே பாதுகாப்பு. மலாயில் சொன்னால் இத்தொல்லையே இல்லை: 'தீக பெலாஸ்', 'தீக பூலோ' என்பவற்றை எவரும் மயங்கார்.

பெயர் எழுதும் மேசை

மலாயாவில் அடையாள அட்டை 1948ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. அக்காலத்தில் தோட்டத்து மக்கள் தம் பெயரை வாயால் சொல்ல, மேசையின் மறுபுறத்தில் இருந்தவர் தம் செவிக்கு எட்டியவாறு ஆங்கில எழுத்தில் எழுதினார். செவி தமிழருடையதாகவும் இருக்கலாம், மலாய்க்காரருடையதாகவும் சீனருடையதாகவும் இருக்கலாம். கந்தனின் தகரத்தை ஒருவர் டகரத்திற்குரிய எழுத்தால் எழுதினார். இன்று அதனைப் படிப்போர் 'கண்டன்' என்கின்றனர். சின்னையாவின் முதலெழுத்து ஓரிடத்தில் மெல்லிய சகரமாகவும், வேறோரிடத்தில் பச்சையில் வரும் சகரமாகவும் பதிவாயிற்று. ஆறுமுகத்தின் நடு உகரம் சில பத்திரங்களில் காணாமற்போயிற்று. லகரம், ளகரம், ழகரம் மூன்றும் ஒரே ஆங்கில எழுத்தில் அடைபட்டன. இதனால் ஒரு தகப்பனுக்குப் பிறந்த மூன்று பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களில் தகப்பன் பெயர் மூன்று விதமாக இருப்பதும் உண்டு.

இது வெறும் எழுத்து விளையாட்டன்று. ஊழியர் சேமநிதி வாரியம் 1951ஆம் ஆண்டு முதல் தொழிலாளரின் சேமிப்பைக் காத்துவருகிறது. அச்சேமிப்பிற்கோ சொக்சோ உதவிக்கோ வாரிசுகள் விண்ணப்பிக்கும்போது, தாளில் உள்ள இரு பெயர்களும் ஒருவருடையவே என்பதை மெய்ப்பிக்க வேண்டிவரலாம். தகப்பனார் உயிரோடிருக்கும்போதே பத்திரங்கள் அனைத்தையும் ஒருசேர வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்குவது ஒரு மாலைப் பொழுது வேலைதான். குழந்தை பிறந்து பெயர் பதியச் செல்வோர், பெயரை வாயால் மட்டும் சொல்லாது, ஆங்கில எழுத்தில் தெளிவாக எழுதிய தாளொன்றைக் கையோடு கொண்டு செல்வாராக. பழைய அட்டையில் உள்ள தகப்பன் பெயரை, அது தவறாயினும், அவ்வாறே பின்பற்றுவது ஒருவகையில் நன்மையே. பிள்ளையின் பத்திரத்தில் மட்டும் திருத்தி எழுதினால் புதிய வேறுபாடு பிறக்கும்.

ஒலிக்கேற்ற எழுத்தைத் தேடுவது அரசுகளுக்கே எளிதன்று. தமிழக அரசு 2020ஆம் ஆண்டு சூன் மாதத்தில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி ஆணை பிறப்பித்தது. வேலூருக்கும் கோயம்புத்தூருக்கும் அமைந்த புதிய எழுத்துகளைக் கண்டு பலரும் குறை கூறவே, அதே மாதத்தில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது.

தொலைபேசியில்

தொலைபேசியில் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது இடர் இன்னும் பெருகும். பல் பகரத்தையும் அம்புப் பகரத்தையும் குறிக்கும் இரு ஆங்கில எழுத்துகளும், டகரத்தின் இரு வகைகளைக் குறிப்பனவும் கம்பி வழியே ஒன்றுபோலவே கேட்கும். இது நம்மவருக்கு மட்டும் உள்ள குறை எனக் கருதவேண்டா. விமான ஓட்டிகளுக்கும் இதே தொல்லை இருந்தது. அதற்காகவே 1956ஆம் ஆண்டு முதல் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என ஒரு முழுச் சொல்லை வைத்து உலகெங்கும் வழங்குகின்றனர். எண்களுக்கும் ஒலிப்பு வகுத்தனர். அவ்விதிப்படி, விமானத்தில் மூன்று என்பதை 'ட்ரீ' என்றே சொல்ல வேண்டும், ஐந்து 'ஃபைஃப்', ஒன்பது 'நைனர்'. நம் பிள்ளைகள் சொன்னால் பிழை எனப்படும் 'ட்ரீ', வானத்தில் சட்டமாக இருக்கிறது!

ஆல்ஃபா, பிராவோ என மனப்பாடம் செய்ய விரும்பாதோர் நம் மாநிலத்து ஊர்களையும் அண்டை ஊர்களையும் கொண்டே காரியத்தை முடித்துக்கொள்ளலாம். அம்புப் பகரத்திற்குப் பத்து பகாட், பல் பகரத்திற்குப் பொந்தியான். ககரங்களுக்குக் குளுவாங், கெமாஸ். டகரத்தில் வன்மையானதற்குத் தங்காக், மென்மையானதற்கு டிங்கில். மகரத்திற்கு மூவார், னகரத்திற்கு நீலாய். சகரத்திற்குச் சிகாமட், லகரத்திற்கு லாபிஸ். மறுமுனையில் இருப்பவர் மலாய்க்காரராயினும் சீனராயினும் இவ்வூர்களை அறிவார். சாஆவைப் பயன்படுத்தலாமா என்று கேட்பீர்களாயின், வேண்டாம் என்போம். அதன் முதலெழுத்தைப் பற்றியே மறுமுனையிலிருந்து இன்னொரு கேள்வி வரும்.